முன்னாள் ராணுவத்தினருக்கான 7 சதவீதம்: அம்மாவுக்கு வீடு கேட்கலாமா?

பேரையூர்ப் பொண்ணு | ஞாயிறு, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளும் படிப்பதோடு சரி, இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 17 வருடம் இருந்து நாயக் ரேங்கில் பென்ஷன் வந்தவர். பென்ஷனில் ஒரு பகுதிக்குப் பதிலாக மொத்தமாகக் கையில் வந்த கம்யூட்டேஷன் பணம் இரண்டு அத்தைகள் கல்யாணத்துக்கும் ஒரு போர்வெல்லுக்கும் போனது. அத்தைகள் நன்றாக இருக்கிறார்கள், போரில்தான் தண்ணீர் வரவில்லை. அதற்கப்புறம் மதுரையில் ஜவுளிக்கடை வாசலிலும் ஏ.டி.எம். வாசலிலும் செக்யூரிட்டியாக நின்றே காலத்தை ஓட்டினார். சொந்தமாக வீடு கட்டவில்லை. போன வருடம் ஆடியில் தவறிவிட்டார், 69 வயது.

அம்மாவுக்கு 61. டி.கல்லுப்பட்டியில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். குடும்ப பென்ஷன் பஞ்சப்படியோடு சேர்த்து 20 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதால் தைக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். நான் ஆரப்பாளையத்தில் ஒற்றை அறை வீட்டில் மாமியாரோடு இருக்கிறேன், தம்பி திருப்பூரில் நாலு பேரோடு ரூம் எடுத்திருக்கிறான். வேறு வீடு பார்க்கப் போனால் "ஆம்பளை இல்லாத வீடா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் சொல்கிறோம் என்கிறார்கள்.

வீட்டு வசதி வாரியத்தில் பட்டாளத்துக் குடும்பத்துக்கு ஒதுக்கீடு உண்டு, தோப்பூர் பக்கம் கேள் என்று எங்கள் சின்னத் தாத்தா சொல்கிறார். கேட்கலாமா? இரண்டு சிக்கல் இருக்கிறது. அப்பாவின் கறுப்புத் தகரப் பெட்டியைத் திறந்து காகிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன் (மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் அவர் நம்பரும் பெயரும் அப்படியே இருக்கிறது). பி.பி.ஓ.வில் (பென்ஷன் உத்தரவில்) அம்மா பெயரில் ஓர் 'எச்' கூடுதலாக இருக்கிறது. ஆதாரில் அது இல்லை. இன்னொன்று, பேரையூர் பக்கம் கிராமத்தில் தாத்தா வீட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி ஐந்து பேரில் அப்பாவும் ஒருவர். இதெல்லாம் சொந்த வீடு என்று கணக்காகுமா?

ஓய்வு ஹவில்தார் | ஞாயிறு, இரவு 10:05

வா தங்கச்சி. முதலில் ஒரு விஷயம், உன் அம்மா முன்னாள் படைவீரரின் மனைவி. அந்த அடையாள அட்டை அவர் பெயரில் இருக்கிறதா? அப்பா பெயரில் இருந்த அட்டை இப்போது செல்லாது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., இறப்புச் சான்று, ஆதார், போட்டோ கொடுத்தால் விதவைக்கான அட்டை தனியாகத் தருவார்கள். எந்த ஒதுக்கீட்டைக் கேட்கப் போனாலும் இந்த அட்டையைத்தான் முதலில் நீட்டச் சொல்வார்கள்.

பெயர் விஷயத்தைத் தள்ளிப் போடாதே. ஓர் எழுத்துதானே என்று விட்ட ஆட்கள் எத்தனை பேர் ஈ.சி.எச்.எஸ். மருத்துவ கார்டுக்கு ஆறு மாதம் நடந்தார்கள் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா கல்யாணம் ஆனதும் யூனிட்டில் எழுதிக் கொடுத்ததை அங்கே இருந்த கிளார்க் தன் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருப்பான். அதுதான் பார்ட் டூ ஆர்டர் என்ற யூனிட் பதிவாகி, வெலிங்டனில் இருக்கும் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து பி.பி.ஓ.வில் ஏறி, இப்போது ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் கணக்கிலும் உட்கார்ந்திருக்கிறது. உறுதிமொழிப் பத்திரத்தோடு ரெக்கார்ட் ஆபீஸுக்குத் திருத்த மனு போடு. அது வரும்வரை வி.ஏ.ஓ. அல்லது தாசில்தாரிடம் 'இருவரும் ஒருவரே' என்று ஒரு சான்று வாங்கி வைத்துக்கொள்.

வாரிய வீடுகளில் ராணுவத்தாருக்கு 7 சதவீதம் ஒதுக்கீடு இருப்பது உண்மை. கேள், தப்பில்லை.

எல்லீஸ் நகர் வாசி | ஞாயிறு, இரவு 10:31

ஹவில்தார் ஐயா, கேட்கலாம் என்று சொல்வது சுலபம். கணக்கைப் பாருங்கள். வாரியத்தின் ஒதுக்கீட்டுப் பட்டியலில் ஆதிதிராவிடர் 18, பழங்குடியினர் 1, மாநில அரசு ஊழியர் 18, மத்திய அரசு, மின்வாரியம், உள்ளாட்சி ஊழியர்களுக்கு 8, ராணுவத்தார் 7, சலவை மற்றும் முடிதிருத்தும் தொழிலாளர் 4, பத்திரிகையாளர் 3, வாரிய ஊழியர் 2, மொழிப்போர் தியாகிகள் 1, மீதி 38 பொதுமக்களுக்கு. 7 என்றால் நூறு வீட்டில் ஏழு. ஆனால் நூறு வீடு ஒரே தரமாக வருவது அபூர்வம். 30 வீடு வந்தால் ராணுவத்துக்கு இரண்டு. அந்த இரண்டுக்கும் சர்வீஸில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், விதவை எல்லோரும் ஒரே குலுக்கலில்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். கூட்டம் முண்டியடிக்கும் இடத்தில்தான் குலுக்கல், ஒதுக்கீடு எல்லாம். விற்காமல் கிடக்கும் வீட்டுக்கு முதலில் வருகிறவருக்கு முதலில் என்று விளம்பரம் போடுவார்கள், அங்கே பட்டாளத்தானும் பலசரக்குக் கடைக்காரரும் ஒன்றுதான். அண்ணா நகர், கே.கே. நகர், எல்லீஸ் நகர் எல்லாம் அந்தக் காலத்தில் வாரியம் போட்டவை, இன்று அங்கே மனை விலையைக் கேட்டால் தலை சுற்றும். இனி புதிதாக வருவதெல்லாம் ஊருக்கு வெளியே.

பட்டாளத்து வேலைக்குப் பென்ஷன் இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. வீட்டிலும் முன்னுரிமை எதற்கு என்று நான் கேட்டால் தேசத்துரோகி என்பீர்கள். கொத்தனாருக்கு எத்தனை சதவீதம்?

ஓய்வு ஹவில்தார் | ஞாயிறு, இரவு 10:58

தேசத்துரோகி என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன் தம்பி. ஆனால் ஒன்று யோசி. நீ 18 வயதிலிருந்து ஒரே ஊரில் இருந்தாய். சீட்டுப் போட்டாய், தெரிந்த புரோக்கர் மூலம் ஒன்றரை சென்ட் பிடித்தாய், வார்டு கவுன்சிலரை உனக்குத் தெரியும். நான் 24 வருடத்தில் பதின்மூன்று இடம் மாறினேன். ரேஷன் கார்டில் என் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதே லீவில் வந்தால்தான் தெரியும். ஊரில் எந்தப் பட்டியல் எடுத்தாலும் அன்றைக்கு நான் பதான்கோட்டில் இருப்பேன். திரும்பி வரும்போது வயது 42, ஊரில் மனை விலை பத்து மடங்கு. தியாகத்துக்குக் கூலியாக 7 சதவீதம் கேட்கவில்லை. வரிசை ஓடிக்கொண்டிருந்தபோது நான் ஊரில் இல்லை, அதற்காக ஓர் இடம் பிடித்து வைத்தது, அவ்வளவுதான்.

எல்லீஸ் நகர் வாசி | ஞாயிறு, இரவு 11:03

இதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் துபாய் போன கொத்தனாருக்கும் ஓர் இடம் பிடித்து வையுங்கள் என்று கேட்பேன். அது வேறு விவாதம்.

பத்திர எழுத்தர் | திங்கள், காலை 7:20

காலையில் பார்த்தேன். கூட்டுப் பட்டா பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி அவர் பங்கு அன்றே உங்கள் அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சமமாக வந்துவிட்டது. உங்கள் அப்பத்தா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பட்டாவில் பெயர் மாறவில்லை என்பதால் உரிமை இல்லை என்று ஆகாது. வீடு எத்தனை சென்ட்?

பேரையூர்ப் பொண்ணு | திங்கள், காலை 8:02

அப்பத்தா இல்லை ஐயா. மூன்று சென்ட். ஓட்டு வீடு, பாதி இடிந்துவிட்டது. இப்போது பெரியப்பா மாடு கட்டுகிறார்.

பத்திர எழுத்தர் | திங்கள், காலை 8:40

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் சுமார் 1,307. அதில் ஐந்தில் ஒன்று அப்பாவுக்கு, அதில் மூன்றில் ஒன்று அம்மாவுக்கு. ஆக 87 சதுர அடி. ஒரு கட்டிலும் பீரோவும் போட்டால் நிற்க இடம் இருக்காது. ஆனால் விண்ணப்பதாரர் பெயரிலோ, கணவன் அல்லது மனைவி பெயரிலோ, மைனர் பிள்ளைகள் பெயரிலோ வீடு, மனை இருக்கக் கூடாது என்று உறுதிமொழி கேட்கும் இடத்தில் 87 சதுர அடியும் மனைதான். இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளைக்கு யாராவது மொட்டைக் கடிதாசி போட்டால் ஒதுக்கீடு போய்விடும். பணமும் மாட்டிக்கொள்ளும். எனவே பங்கு இருப்பதைக் காட்டி, அது தடையாகுமா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கல்லுப்பட்டி மாமா | திங்கள், காலை 9:15

அவ்வளவு எதுக்கு? பங்கு வேண்டாம்னு பெரியப்பாவுக்கு ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டா முடிஞ்சுது. மாடு கட்டுற இடம்தானே.

பத்திர எழுத்தர் | திங்கள், காலை 9:22

அவசரப்படாதீர்கள். விடுதலைப் பத்திரம் எழுதுவது பத்து நிமிட வேலை. நாளைக்கு வேண்டுமென்றால் திரும்ப வாங்க முடியாது. வாரியத்தில் வீடு கிடைக்குமா என்பதே தெரியாத நிலையில் இருக்கிற ஒரே இடத்தை எழுதிக் கொடுப்பது புத்தியா? இது மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டு என் மேஜைக்கு முன்னால் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் வருமானத்துக்கு எதிராகத்தான் இதைச் சொல்கிறேன்.

உசிலை ரிசர்வ் | திங்கள், மதியம் 1:48

எல்லோரும் ராணுவம் ராணுவம் என்கிறீர்கள். நான் மத்திய ரிசர்வ் போலீஸ் படையில், அதாவது சி.ஆர்.பி.எஃப்.பில், 21 வருடம். சத்தீஸ்கர் காட்டில் மூன்று வருடம், காஷ்மீரில் இரண்டு தடவை போஸ்டிங். வீட்டு விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "நீங்க எக்ஸ்-சர்வீஸ்மேன் இல்லையே சார், போலீஸ் மாதிரிதானே?" என்றார் அங்கே இருந்த பெண். அவர் மேல் தப்பில்லை, விதி அப்படி. முன்னாள் படைவீரர் என்ற சொல்லுக்குள் தரைப்படை, கடற்படை, விமானப்படை மட்டும்தான். 2012-ல் உள்துறை எங்களுக்கு 'முன்னாள் மத்திய ஆயுதப் போலீஸ் படையினர்' என்று ஒரு பெயர் கொடுத்தது. பெயர்தான் கொடுத்தார்கள், ராணுவத்தாருக்கு உள்ள சலுகையெல்லாம் அதோடு வந்துவிடவில்லை.

2019 பிப்ரவரி 14-ல் புல்வாமாவில் செத்த நாற்பது பேரும் சி.ஆர்.பி.எஃப். அதில் இரண்டு பேர் தமிழ்நாடு. அன்றைக்கு மதுரை முழுக்க பிளக்ஸ் போர்டில் 'ராணுவ வீரர்கள்' என்றுதான் போட்டார்கள். வீடு கேட்டால் போலீஸ்.

ஓய்வு ஹவில்தார் | திங்கள், மதியம் 2:30

இதில் எனக்குச் சொல்ல பதில் இல்லை. ஒன்று மட்டும். பழைய இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் 1995-96 முதல் போரில் இறந்தவர்களின் மனைவிமார், முன்னாள் படைவீரர், அதோடு ஓய்வு பெற்ற துணை ராணுவத்தினரையும் சேர்த்தார்கள். கிராமத்தில் போய்க் குடியிருக்க நினைப்பவர்களுக்கு. ஒரு காலத்தில் நீங்களும் நானும் ஒரே வரிசையில் நின்றோம்.

எல்லீஸ் நகர் வாசி | திங்கள், மதியம் 2:51

2016-ல் அது பிரதமர் கிராம வீட்டுத் திட்டமாக மாறியபோது என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள் ஐயா. குடும்பத்தில் ஒருவர் மாதம் 10,000-க்கு மேல் வாங்கினால் தானாகப் பட்டியலிலிருந்து வெளியே. அப்புறம் அதை 15,000 ஆக்கினார்கள். எந்தப் பட்டாளத்துப் பென்ஷன் அதற்குக் கீழே இருக்கிறது? இந்தத் தங்கச்சியின் அம்மாவுக்கு வரும் குடும்ப பென்ஷனே அந்தக் கோட்டுக்கு மேல். பென்ஷன் இருப்பதால் ஏழையில்லை, ஆனால் வீடு வாங்கும் அளவுக்குப் பணக்காரியும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டார்.

வாசல் கோலம் | திங்கள், மாலை 6:10

நான் ஒரு அக்னிவீரின் அம்மா, நாலு வருடத்துக்கு என்று ராணுவத்தில் எடுக்கிறார்களே, அதில் சேர்ந்தவன். திருமங்கலம் பக்கம். படித்துக்கொண்டே வந்தேன், வயிற்றைக் கலக்குகிறது. என் மகன் நாலு வருடத்தில் வெளியே வந்துவிட்டால் முன்னாள் படைவீரர் அட்டை உண்டா?

ஓய்வு ஹவில்தார் | திங்கள், மாலை 6:44

இல்லை அம்மா. நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள், அதில் வந்தால் எங்களைப் போல. வெளியே வந்தால் சேவா நிதி என்று மொத்தமாகச் சுமார் 11.71 லட்சம் கையில் கிடைக்கும். பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. 7 சதவீதத்தில் அவனுக்கு இடமில்லை. நாங்கள் 15 வருடம் முடித்தால்தான் பென்ஷன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். அவனுக்கு அந்த வாய்ப்பே கொடுக்கவில்லை. பையன் நன்றாக ஓடுகிறானா? ஃபயரிங் எப்படி? அதைப் பார்க்கச் சொல்லுங்கள். 25-க்குள் வரட்டும்.

வாசல் கோலம் | திங்கள், மாலை 6:50

நன்றாக ஓடுவான் அண்ணே. ஊரில் கண்மாய்க் கரையில் ஓடித்தான் பழகினான்.

பாஸ்டன் மதுரைக்காரன் | செவ்வாய், அதிகாலை 4:37

நான் இருக்கும் ஊரில் இதே விஷயம் வேறு மாதிரி நடக்கிறது, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அமெரிக்காவில் ஒவ்வோர் ஊர் வீட்டு வசதி ஆணையமும் தன் காத்திருப்போர் பட்டியலில் யாருக்கு முன்னுரிமை என்று தானே வைத்துக்கொள்ளலாம். பல ஊர்களில் முன்னாள் ராணுவத்தினரையும் அவர்கள் குடும்பத்தையும் மேலே தூக்கி வைப்பார்கள். அதுபோக, வீடில்லாத முன்னாள் ராணுவத்தினருக்கு ஹட்-வாஷ் என்று தனித் திட்டம். வீட்டுத் துறை வாடகைச் சீட்டுக் கொடுக்கும், முன்னாள் ராணுவத்தினர் துறை ஓர் ஆளைப் போட்டு வைத்தியம், வேலை எல்லாம் பார்க்கும். குடியிருப்பவர் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் வாடகையாகக் கட்டினால் போதும்.

எல்லீஸ் நகர் வாசி | செவ்வாய், காலை 7:55

தம்பி, முதலில் கல்லுப்பட்டிக்கு வாங்க. அப்புறம் பாஸ்டன்.

ஆனால் ராத்திரி இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. அங்கே முன்னுரிமை கொடுப்பது வாடகைக்கு. இங்கே நாம் 'ஒதுக்கீடு' என்று சொல்வது விற்பனை. குலுக்கலில் பெயர் விழுந்தால் வீடு கிடைத்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுக்கிறோம். விழுந்தது வாங்கும் உரிமை மட்டும்தானே? முன்பணம் கட்ட வேண்டும், மீதியைத் தவணையில் கட்ட வேண்டும், கட்டி முடித்தபின்தான் விக்கிரயப் பத்திரம். அதிலும் நில எடுப்பு வழக்கில் நீதிமன்றம் இழப்பீட்டைக் கூட்டினால் இறுதி விலை ஏறும், அந்த வித்தியாசமும் ஒதுக்கீடுதாரர் தலையில். அரசே அடிக்கடி வட்டித் தள்ளுபடி அறிவித்துப் பத்திரம் கொடுக்க வேண்டிய நிலை இதனால்தான் வந்தது. 61 வயதில், 20 ஆயிரத்துக்குக் கீழே பென்ஷன் வாங்கும் அம்மாவுக்கு எந்த வங்கி எத்தனை லட்சம் கொடுக்கும்? எத்தனை வருடத் தவணை?

அந்த 7 சதவீதம் யாருக்கு உதவுகிறது என்றால், 42 வயதில் கம்யூட்டேஷன் பணத்தோடு வந்து இன்னொரு வேலையிலும் சேர்ந்த ஹவில்தாருக்கும் சுபேதாருக்கும். ஐயா தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஓய்வு ஹவில்தார் | செவ்வாய், காலை 8:30

தப்பாக எடுக்க என்ன இருக்கிறது? நானே அப்படித்தான் வாங்கினேன். பாதிப் பென்ஷனைக் கம்யூட் பண்ணி முன்பணம் கட்டினேன், பேங்கில் கன்மேன் வேலை பார்த்துத் தவணை கட்டினேன். பிடித்த பென்ஷன் 15 வருடம் கழித்துத் திரும்ப வந்தபோது பத்திரமும் கையில் வந்தது. எனக்கு 7 சதவீதம் உபயோகப்பட்டது. ஆனால் என்னோடு வந்து மூன்றாவது வருடத்தில் மாரடைப்பில் போனானே ஒருவன், அவன் சம்சாரத்துக்கு உபயோகப்படவில்லை. இரண்டு பேர் பெயரும் அதே குலுக்கலில்தான் விழுந்தது. அந்த அம்மா முன்பணத்துக்கே நகையை வைத்தார்கள், ஒரு வருடத்தில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சென்னை சாலிகிராமத்தில் மேஜர் பரமேஸ்வரன் பெயரில் ஒரு குடியிருப்பு உண்டு. 1987-ல் இலங்கையில் இறந்து பரம்வீர் சக்ரா பெற்றவர். அதைக் கட்டியது ராணுவ நல வீட்டமைப்பு. 1978-ல் ஆரம்பித்தது, லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்ற கணக்கில் கட்டிக் கொடுக்கிறது. அதில் விதவைகளும் கேட்கலாம். ஆனால் அதுவும் காசு கட்டி வாங்குவதுதான்.

வைகைக்கரை கவிதா | செவ்வாய், மதியம் 12:15

நான் நகர்ப்புற வீட்டு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன், இ-சேவை மையத்தில். அக்கா, உங்கள் அம்மா தவறான வரிசையில் நிற்கப் பார்க்கிறார் என்று தோன்றுகிறது.

வீட்டு வசதி வாரியம் ஒன்று. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் வேறொன்று, பழைய குடிசை மாற்று வாரியம், 2021-ல் பெயர் மாறியது. இந்த இரண்டாவது வாரியத்தின் அடுக்குமாடி வீட்டில் மத்திய அரசின் மானியம் 1.5 லட்சம் கழியும், மாநில அரசும் போடும், மீதியைத்தான் பயனாளி கட்ட வேண்டும். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அம்மாவுக்கு வருடம் 2.4 லட்சத்துக்குள்தான் வரும், தகுதிதான். 2024-ல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் விதவைகள், தனித்து வாழும் பெண்கள், மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை. ஆக அம்மா மூன்று காரணத்துக்கு முன்னால் வருகிறார். பட்டாளம் அதில் எதுவுமே இல்லை.

டி.கல்லுப்பட்டி பேரூராட்சி என்பதால் கிராமத் திட்டம் அங்கே செல்லாது. தாத்தா வீடு ஊராட்சியில் இருந்தால் மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் உண்டு, 3.5 லட்சம், 360 சதுர அடி. ஆனால் அது குடிசையில் இருப்பவர்களுக்கு, சொந்த இடமும் வேண்டும். மாடு குடியிருந்தால் தரமாட்டார்கள் 🙂

சொந்தமாகக் கல்வீடு எங்கும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனை இங்கேயும் உண்டு. அந்த 87 சதுர அடியை எழுத்தர் ஐயா சொன்னபடி காட்டிவிடுங்கள்.

கல்லுப்பட்டி மாமா | செவ்வாய், மதியம் 12:40

ஒரு பட்டாளத்தான் பொண்டாட்டியைக் குடிசை மாத்து வாரியத்துக்குப் போகச் சொல்றீங்களா? சனம் என்ன பேசும்?

வைகைக்கரை கவிதா | செவ்வாய், மதியம் 12:52

சனம் வாடகைக்கு வீடு கொடுத்ததா மாமா?

கல்லுப்பட்டி மாமா | செவ்வாய், மதியம் 1:20

சரி தாயி.

பேரையூர்ப் பொண்ணு | 18 நாள் கழித்து, சனி இரவு 8:45

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அட்டை வாங்கியாகிவிட்டது. அங்கே இருந்தவர் அம்மாவிடம் ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லி, டிஸ்சார்ஜ் புக்கை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை திருப்பிப் பார்த்தார். "கேரக்டர்: எக்ஸம்ப்ளரி" என்று படித்துக் காட்டினார். அம்மாவுக்கு அர்த்தம் தெரியாது. நல்ல மனுஷன் என்று எழுதியிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். "அதை இவங்க எழுதித்தான் தெரியணுமா?" என்றார்.

பெயர்த் திருத்தத்துக்கு வெலிங்டனுக்கு மனு பதிவுத் தபாலில் போனது. 'இருவரும் ஒருவரே' சான்றும் வாங்கிவிட்டேன்.

7 சதவீதத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. முன்பணத் தொகையைக் கேட்டதும் அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார். கவிதா சொன்ன வரிசையில் மனு கொடுத்திருக்கிறோம், பங்கு இருப்பதையும் எழுதியிருக்கிறோம். அந்த விண்ணப்பத்தில் 'விதவை' என்ற கட்டத்தில் டிக் போடச் சொன்னபோதுதான் அம்மா முகம் மாறியது. கணவர் தொழில் என்ற இடத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதப் போனேன். பேனாவைப் பிடித்து நிறுத்தி, 'ராணுவம்' என்று எழுதச் சொன்னார். அதற்கு மதிப்பெண் எதுவும் கிடையாது என்று கவுன்ட்டரில் இருந்த பையன் சொன்னான். பரவாயில்லை, எழுது என்றார். எழுதினேன்.

நேற்று ஆட்டோவில் கூட்டிப் போய் ஏற்கெனவே குடிவந்த ஒரு குடியிருப்பைக் காட்டினேன். அம்மா வீட்டைப் பார்க்கவில்லை. குடத்தோடு வந்த ஒரு பெண்ணை நிறுத்தி, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருக்கா, எத்தனை மணிக்கு, மாடிக்கு ஏறுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் படிக்கட்டின் திருப்பத்தில் கையை விரித்து அளந்து பார்த்தார். அந்தத் தகரப் பெட்டி திரும்புமா என்று.

தைக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான் இருக்கிறது. அதற்குள் எதுவும் வராது என்று தெரியும். வீட்டுக்காரரிடம் சித்திரை வரை கேட்டிருக்கிறோம், கல்யாணத்தை அப்புறம் பார்க்கலாம் என்றா சொல்வார்?

வைகைக்கரை கவிதா | சனி, இரவு 9:02

அக்கா, மூத்த குடிமக்கள் இருக்கும் குடும்பத்துக்குத் தரைத் தளம் அல்லது கீழ்த் தளங்களில் ஒதுக்க வேண்டும் என்று வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஒதுக்கீட்டு நாளன்று வயதுச் சான்றை மறக்காமல் எடுத்துப் போங்கள். யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் காட்ட வேண்டும்.

எல்லீஸ் நகர் வாசி | சனி, இரவு 9:20

எங்கள் தெருவில் கீழ் வீடு ஒன்று காலியாக இருக்கிறது. ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, வெளியே குழாய். வீட்டுக்காரம்மா என் அக்காவோடு வேலை பார்த்தவர், ஆம்பளை இருக்கிறாரா என்று கேட்கமாட்டார். வாடகை அம்மாவால் கட்டக்கூடியதுதான். தைக்குள் வேண்டுமென்றால் தனிமடலில் வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை சாவியை வாங்கி வைக்கிறேன். வாசல் அகலம், பெட்டி நுழையும்.

ஓய்வு ஹவில்தார் | சனி, இரவு 9:26

தங்கச்சி, பதிவுத் தபால் ரசீதைப் போட்டோ எடுத்து வை. வெலிங்டனிலிருந்து 30 நாளில் பதில் வரவில்லை என்றால் எனக்குச் சொல். அங்கே நினைவூட்டுக் கடிதம் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும், இருபது வருடமாக அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.